பின்வாசலில் நின்ற ஆம்புலன்ஸ்: செட்டிநாட்டு ஊர் ஒன்றும் மூன்று வரைபடங்களும்

கானாடுகாத்தானைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்று. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், காரணம் பின்னால் வரும். ஒரு வைகாசி மாதப் பிற்பகலில் அங்கே ஒரு பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில் ஆச்சி ஒருவர் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பை அசைக்க முடியவில்லை. வீட்டில் அவரும் சமையலுக்கு உதவும் அக்காவும் மட்டும்தான். சென்னையில் இருக்கும் மகன் போனிலேயே ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்து, வாட்ஸ்அப்பில் வீட்டின் லொக்கேஷனையும் அனுப்பினான்.

வண்டி சீக்கிரமே ஊருக்குள் வந்துவிட்டது. ஆனால் வந்து நின்றது வீட்டின் பின்வாசலில். வருஷக்கணக்காகத் திறக்காத கதவு. உள்ளே தாழ்ப்பாள், வெளியே முட்செடி. ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். முன்வாசலில் காத்து நிற்கும் அக்காவுக்கு, அது பக்கத்துத் தெருவில் யாருக்கோ வந்த வண்டி. ஓட்டுநர் கையில் இருந்த செயலி, வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்லி முடித்துக்கொண்டது. கால் மணி நேரம் இப்படிப் போன பிறகு, டீக்கடையில் நின்ற ஒருவர் விஷயம் புரிந்து வண்டியில் ஏறி, சந்து வழியாகச் சுற்றிக் கூட்டி வந்தார்.

ஆச்சி தேறிவிட்டார். அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கைத்தடியோடு நடக்கிறார். அந்த மகன் என் பள்ளித் தோழன். நான் காரைக்குடியில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக, யாரும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருக்களும் கண்மாய்களும் வரைகிறவன். ஒரு வாரம் கழித்து அவன் கேட்டான்: "உன் மேப்புல எங்க வீடு எப்படிடா இருக்கு?" திறந்து பார்த்தேன். வீடே இல்லை. வீட்டின் முன்னும் பின்னும் உள்ள இரண்டு தெருக்களில் ஒன்றுதான் கோடாக இருந்தது, அதற்கும் பெயர் இல்லை.

இந்த ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது. தன்னார்வலர்கள் வரையும் வரைபடம், நிறுவனங்களின் வரைபடம், அரசின் நில ஆவணம் மூன்றையும் ஒரே ஊரில், ஒரே கேள்வியோடு வைத்துப் பார்த்தோம். இந்த வீட்டுக்கு எந்த வாசல்?

வீட்டின் நீளம்

செட்டிநாட்டு வீட்டை அறியாதவர்களுக்கு இந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்று புரியாது. முகப்பு, வளவு என்ற திறந்த முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி, அதற்கும் பின்னால் தோட்டம் என்று வீடு நேர்கோட்டில் நீண்டுகொண்டே போகும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். நீளம் 200 அடியைத் தாண்டும் வீடுகள் பல உண்டு. முன்வாசலில் நின்று பார்த்தால், எல்லாக் கதவும் திறந்திருக்கும் நாளில், பின்வாசல் வெளிச்சம் ஒரு சின்னக் கட்டமாகத் தெரியும். ஆக, ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தெரு. விருந்தாளிக்கு ஒன்று, விறகுக்கும் மாட்டுக்கும் மற்றொன்று.

வழிகாட்டும் செயலிக்கு வீடு என்பது ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு எந்தச் சாலை கிட்டே இருக்கிறதோ அங்கே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும். தோழன் அனுப்பிய புள்ளி, வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து யாரோ வீட்டின் மேல் வைத்தது. அது நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி, அடுப்படிக்கு மேலே விழுந்திருந்தது. அங்கிருந்து முன்தெருவைவிடப் பின்தெரு பத்திருபது அடி பக்கம். கணக்குப்படி செயலி செய்தது சரி.

இங்கே புள்ளி என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. நகரத்தார் வழக்கில் ஒரு தம்பதியின் குடும்பம் ஒரு புள்ளி. கோயில் வரி புள்ளிக் கணக்கில்தான். ஒரு வீட்டுக்குள் பங்காளிகள் பல புள்ளிகளாக இருப்பார்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகள் அவரவர் பங்கு. விலாசம் என்ற சொல்லும் அப்படியே. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளான சித., பழ., மெ. போன்றவற்றைக் கோத்து வருவதுதான் வீட்டின் விலாசம். கதவு எண்ணைச் சொன்னால் ஊரில் பலருக்குத் தெரியாது. விலாசத்தைச் சொன்னால் சைக்கிளில் போகும் பையன்கூட வழி காட்டுவான். இந்தப் பெயர்கள் நாங்கள் பார்த்த எந்த வரைபடத்திலும் இல்லை.

ஆவணங்கள் சொன்னது

அரசிடமிருந்து தொடங்கினோம். இந்திய நில அளவைத் துறை 1767இல் தொடங்கியது. 1802இல் சென்னை பரங்கிமலையை ஒட்டி லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அளந்த அடிக்கோட்டிலிருந்து எழுந்த பெரும் முக்கோண அளவைதான் இந்த நாட்டின் வரைபடங்களுக்கெல்லாம் முதுகெலும்பு. அந்தத் துறையின் 1:50,000 அளவுத் தாள்களை 2017 முதல் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். இறக்கினோம். கண்மாய்கள், கோயில்கள், வண்டிப்பாதைகள் எல்லாம் அழகாக இருந்தன. ஆனால் அந்த அளவில் 50 மீட்டர் நீளமுள்ள வீடு தாளில் 1 மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரில் வாசலைத் தேட முடியாது. அது அந்தத் தாளின் குறையும் அல்ல, அதன் வேலை வேறு.

அடுத்து மாநில அரசின் நில ஆவணம். பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றை இப்போது வீட்டிலிருந்தே பார்க்கலாம். புல எண்ணைக் கொடுத்தால் புலப்படம் வருகிறது. கல்லுக்குக் கல் அளவு, உட்பிரிவு எண், பக்கத்துப் புலம் யாவும் உண்டு. குடியிருப்புப் பகுதிக்கு நத்தம் நில அளவை தனி. எங்கள் தோழன் வீட்டின் எல்லை அதில் துல்லியமாக இருந்தது. முன்தெருவிலிருந்து பின்தெரு வரை ஒரே நீளக் கட்டம். யார் நிலம் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. எந்தப் பக்கம் முகப்பு என்று அது சொல்லாது.

பிறகு வணிக வரைபடங்கள். இரண்டு செயலிகளில் பார்த்தோம். காரைக்குடியிலிருந்து திருச்சி போகும் சாலையில் நெரிசல், பெட்ரோல் பங்க், கடை திறக்கும் நேரம் எல்லாவற்றிலும் அவை எங்களைவிட எவ்வளவோ மேல். புறவழிச்சாலை திறந்தால் முதலில் அவற்றில்தான் தெரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். அதே தெருவில் ஒரு மாளிகையை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அதற்குப் புள்ளி மிகச் சரியாக முன்வாசலில், படங்களோடு இருந்தது. நான்கு வீடு தள்ளியிருக்கும் ஆச்சி வீடு பின்தெருவில். விடுதிக்காரருக்கு அந்தப் புள்ளி பிழைப்பு, அதனால் அவரே உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார். ஆச்சி வீட்டிற்கு அப்படிச் செய்ய ஆள் இல்லை.

நாங்களும் அந்தச் செயலியில் திருத்தம் அனுப்பினோம், முன்வாசல் படத்தோடு. ஏற்கவில்லை என்று பதில் வந்தது. காரணம் எதுவும் இல்லை. வேறொரு நண்பர் சில வாரம் கழித்து அதையே அனுப்ப, ஏற்றுக்கொண்டது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

ஆறு பேர் போனோம். கல்லூரி மாணவர்கள் மூவர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தோழன், நான். தபால்காரர் அண்ணனைச் சேர்த்ததுதான் இந்த வேலையில் நாங்கள் செய்த மிக நல்ல காரியம். முப்பது வருஷம் அந்தத் தெருக்களில் கடிதம் கொடுத்தவர். விலாசங்கள் அவருக்கு மனப்பாடம்.

முதல் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைய அனுமதியுள்ள வான்படங்களின் மேல் தெருக்களையும் கூரைகளையும் கையால் வரைந்தோம். மைக்ரோசாஃப்டும் கூகுளும் எந்திரம் கண்டெடுத்த கட்டட வடிவங்களைப் பொதுவில் தந்திருக்கின்றன. அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். போட்டுப் பார்த்தோம். செட்டிநாட்டு வீட்டின் நடுவே வானத்துக்குத் திறந்த வளவு உண்டு. எந்திரத்துக்கு அது இரண்டு வீட்டுக்கு இடையிலான சந்து. ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள் அதற்கு ஒரே வீடு. ஒரு வீடு மூன்றாகவும் மூன்று வீடு ஒன்றாகவும் வந்தது. சரி, கையாலேயே வரைவோம் என்று, வளவுக்குத் துளைவிட்டு ஒவ்வொன்றாக வரைந்தோம்.

பிறகு அதைத் தாளில் அச்செடுத்து, பேனாவோடு தெருவில் இறங்கினோம். ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் நின்று தாளில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் விலாசம். கைபேசியின் ஜிபிஎஸ் திறந்தவெளியில் 3 முதல் 5 மீட்டர் வரை பிசகும். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே இன்னும் கூடும். அதனால் அதை நம்பாமல், மூலையிலிருந்து எத்தனையாவது வீடு என்று எண்ணிக் குறித்தோம். ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்த காவல்காரர் ஐயா எங்களை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முன்வாசல் எதுன்னு ஊருக்கே தெரியுமே தம்பி, இதை எதுக்கு எழுதுறீங்க?" ஆம்புலன்ஸ் கதையைச் சொன்னேன். எழுந்து வந்து, தெருக்கோடி வரை ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்பதுவரை சொன்னார். அதை நாங்கள் எழுதவில்லை.

இரவு உட்கார்ந்து ஏற்றினோம். வீட்டின் நடுவில் புள்ளி வைக்காமல், முன்வாசல் படியில் ஒரு புள்ளி. அதில் விலாசம், தெருப்பெயர், இது தலைவாசல் என்ற குறிப்பு. பின்வாசலுக்கும் தனிக்குறிப்பு. பெயர்கள் தமிழிலேயே. ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர் எழுதுவது எவ்வளவு சிக்கல் என்பதைத் தமிழ்நாடே பார்த்திருக்கிறது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்து, சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் இடத்துக்குத் தமிழ்ப்பெயர், ஆங்கிலப்பெயர், வழக்குப்பெயர், பழைய பெயர் என எல்லாம் தனித்தனியே நிற்கலாம். ஊரார் ஒன்று சொல்ல, பலகை இன்னொன்று சொன்னால் இரண்டையும் எழுதலாம்.

மாணவர்களில் ஒருவன் சேமி பொத்தானை அழுத்தினான். சில நிமிடங்களில் அந்தத் தெரு உலகம் பார்க்கும் வரைபடத்தில் வந்துவிட்டது. வெறும் பச்சையாக இருந்த இடத்தில் வீடுகள் வரிசையாக, ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னச் சதுரமாக வளவு. ஆச்சியிடம் காட்டினோம். விரலை வைத்துத் தன் வீட்டைத் தேடி, பக்கத்து வீட்டு விலாசத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார். அங்கேயே திருத்தினோம்.

நாங்கள் செய்த தவறு

இதை மறைக்காமல் எழுத வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீடுகளை எங்கள் மாணவர்கள், வரைபடத்தில் அதற்கென உள்ள குறிச்சொல்லைப் போட்டு, கைவிடப்பட்டவை என்று குறித்துவிட்டார்கள். தரவு என்ற வகையில் சரிதான். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு இந்த வீடுகளின் நிலையை ஆவணப்படுத்த வேண்டும் என்ற ஆர்வமும் பலருக்கு உண்டு. ஆனால் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் ஒருமுறை நடந்தவருக்குத் தெரியும். தேக்குக் கதவு, நிலை, தூண், பீங்கான், எனாமல் பாத்திரம் எல்லாம் எங்கிருந்தோ கழன்று வந்தவைதான். முறையாக விற்றவையும் உண்டு, திருட்டுப் போனவையும் உண்டு. ஆளில்லாத வீடுகளின் பட்டியலை நாங்களே தயாரித்து உலகத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

சுட்டிக்காட்டியவர் அதே காவல்காரர் ஐயா. "பூட்டுன வீடு எதுன்னு ஊருக்குத் தெரியலாம் தம்பி. ஊரைத் தாண்டித் தெரியக்கூடாது." அன்றே அந்தக் குறிப்புகளை எடுத்துவிட்டோம். ஆனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எடுத்தது போய்விடாது, யார் எப்போது என்ன மாற்றினார் என்ற வரலாறு அப்படியே இருக்கும். பிழையைக் கண்டுபிடிக்கவும் நாசவேலையைத் திருப்பவும் உதவுவது அந்த வரலாறுதான். அதையே மறைக்க வேண்டுமானால் அதற்குரிய பணிக்குழுவிடம் கேட்க வேண்டும். ஊரின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் இதுதான். திறந்த தரவில் உழைப்பவர்கள் எல்லாவற்றையும் திறந்து வைப்பதையே அறமாக நினைக்கிறோம். வீடு ஒன்றின் கதவு விஷயத்தில் அதை முடிவு செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர்.

கண்மாயும் வரத்துக்காலும்

வாசல் தேடப் போன இடத்தில் தண்ணீர் விஷயமும் வந்து சேர்ந்தது. மழையை நம்பிய சீமை இது. ஊருணி குடிக்க, கண்மாய் பாசனத்துக்கு. வணிகச் செயலிகளில் ஊர்க் கண்மாய் ஒரு மூலை நீலமாகவும் மீதி வெற்று நிலமாகவும் இருந்தது. எங்கள் வரைபடத்திலும் முன்பு யாரோ கோடை காலப் படத்தைப் பார்த்து அதைப் புதர்க்காடு என்று வரைந்திருந்தார். படத்தில் தெரிவது சீமைக் கருவேலம், அவரைக் குறைசொல்ல முடியாது.

அரசு ஆவணம் மட்டும் சரியாகச் சொன்னது. கண்மாய்ப் புறம்போக்கு, இத்தனை ஹெக்டேர், இன்ன புல எண்கள். கருவேலம் முளைத்தாலும் தண்ணீர் வற்றினாலும் அது கண்மாய்தான். இந்த இடத்தில் அரசு வரைபடத்தின் பிடிவாதம்தான் ஊருக்குப் பாதுகாப்பு. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற வசதி புலப்படத்துக்கு வரவே கூடாது. அதில் ஒரு கோட்டை நகர்த்த மனு, நேரில் அளவை, விசாரணை எல்லாம் தேவைப்படுவது நியாயம்.

ஆனால் புலப்படம் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லாது. அதற்கு ஊர் விவசாயி ஒருவரோடு கரைமேல் நடந்தோம். மடை எங்கே, உபரி நீர் வழியும் கலுங்கு எங்கே, மறுகால் பாய்ந்தால் எந்த ஊருணிக்குப் போகும், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் எந்த வரத்துக்கால் புதுப்பாதைக்கு அடியில் குழாய் வைக்காமல் மூடப்பட்டது என்று அவர் காட்டக் காட்டக் குறித்தோம். கண்மாயைப் பருவகால நீர்நிலை என்று வரைந்து, வரத்துக்கால்களை ஓடும் திசையோடு போட்டோம். மூடப்பட்ட இடத்தில் கால் அறுந்து நிற்பது வரைபடத்தில் கண்ணுக்கே தெரிந்தது. ஊராட்சியில் பேசப் போனபோது இரண்டு தாள்களைக் கொண்டுபோனோம். புலப்படத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்ற சட்டநிலை, எங்கள் தாளில் தண்ணீரின் வழி. ஒன்றில்லாமல் மற்றொன்றை வைத்துப் பேசியிருக்க முடியாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். புலப்படத்தைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கோடும் வரையவில்லை. கூகுளைப் பார்த்தும் வரையவில்லை. உரிமம் தெளிவாக இல்லாத மூலத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பது அங்கே அடிப்படை விதி. புதிதாக வருபவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடமும் அதுதான்.

எடுத்துப்போகும் உரிமை

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் இங்கிலாந்தில் பிறந்ததற்குக் காரணமே மக்கள் வரிப்பணத்தில் தயாரான அரசு வரைபடத் தரவை அங்குள்ள மக்களே தாராளமாகப் பயன்படுத்த முடியாமல் இருந்ததுதான். 2012 செப்டம்பர் முதல் அதன் தரவு ஓடிபிஎல் என்ற திறந்த தரவு உரிமத்தில் இருக்கிறது. யாரும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். பங்களித்தவர்களைக் குறிப்பிட வேண்டும், தரவை மேம்படுத்தி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்று அறிய கூகுள் மேப் மேக்கரை நினைத்துப் பார்க்கலாம். 2008இல் வந்தது. இந்தியாவில் எத்தனையோ பேர் தங்கள் ஊரை ஆசையாக அதில் வரைந்தார்கள். 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள். வரைந்தவை நிறுவனத்தின் வரைபடத்தில் தங்கிவிட்டன. வரைந்தவர் தன் ஊரின் தரவைக் கோப்பாக எடுத்து, அச்சடித்து, வேறொரு வேலைக்குப் பயன்படுத்த வழியில்லை. எங்கள் வரைபடத்தை அன்றே எடுத்துப் பெரிய தாளில் அச்சடித்து, ஊராட்சி அலுவலகத்திலும் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்திலும் ஒட்டினோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 2015 சென்னை வெள்ளத்தில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்த வரைபடம் அவ்வளவு சீக்கிரம் எழும்பியதும் அடித்தளத் தரவு இப்படித் திறந்திருந்ததால்தான்.

நம் நாட்டில் சட்டத்தின் பக்கமும் காற்று மாறியிருக்கிறது. 2016இல் வந்த ஒரு வரைவு மசோதா, அனுமதியில்லாமல் புவித்தகவல் சேகரித்தால் 100 கோடி ரூபாய் வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை என்றது. அந்த மாதங்களில் நாங்கள் தெருவில் தாளோடு நிற்கவே யோசித்தோம். அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான வழிகாட்டு நெறிகள் இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன்அனுமதி தேவையில்லை என்று கதவைத் திறந்துவிட்டன.

இப்போதைய நிலை

ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் வணிகச் செயலியைத்தான் இன்னும் பயன்படுத்துகிறார்கள். நெரிசல் காட்டும், பேசும், பழகியது. இருவர் மட்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் செயலியை இறக்கி வைத்திருக்கிறார்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் அது வேலை செய்வதால். சுவரில் ஒட்டிய தாளைத்தான் அதிகம் பார்க்கிறார்கள் என்று கேட்டபோது தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் பெரிய பலவீனம் ஆள். அந்த மூன்று மாணவர்களில் இருவர் படிப்பு முடித்து வெளியூர் போய்விட்டார்கள். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனது. அரசுப் பதிவில் மாறிய எல்லைகளை எங்கள் வரைபடத்தில் கொண்டுவர இன்னும் உட்கார முடியவில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி, ராயவரம் என்று தெருவிலிருந்து தெருவுக்கு நீளும் வீடுகள் இந்தச் சீமையெங்கும் இருக்கின்றன. அவற்றின் முன்வாசல்கள் பெரும்பாலும் யாருடைய வரைபடத்திலும் இல்லை.

தபால்காரர் அண்ணன் மட்டும் நிறுத்தவில்லை. எழுபது வயதை நெருங்குகிறார். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் விவரம் சேர்க்க உதவும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியைப் பேத்தியிடம் கற்றுக்கொண்டு, காலை நடைக்குப் போகும்போது தெருவுக்கு நாலைந்து வீடாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் அழைத்தார். வடக்கு வரத்துக்காலில் குழாய் பதிக்கக் குழி தோண்டியிருக்கிறார்களாம், கோட்டைச் சேர்த்துவிடலாமா என்று கேட்டார். தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சேர்ப்போம் அண்ணே, ஐப்பசி வரட்டும் என்றேன்.